பிள்ளை ஏன் வரவில்லை?

பள்ளிக்கூடத்து மணி அடிக்க இன்னும் வெகு நேரம் இருக்கிறது. ஏர்வாடிக் கடற்கரையில் அதற்குள் வேலை தொடங்கிவிடுகிறது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் வள்ளத்தில் ஏறுகிறார்கள். கடலுக்கடியில் பாறையைப் பற்றி வளரும் பாசியை மூச்சடக்கிக் கையால் பறித்து வருவது இவர்கள் தொழில். மரிக்கொழுந்து என்றும் கட்டக்கோரை என்றும் அந்தப் பாசிக்குப் பெயர் சொல்லுகிறார்கள். காற்றும் நீரோட்டமும் பார்த்துப் போகவேண்டிய தொழில் அது. பள்ளிக்கூடத்துக் கடிகாரத்துக்கு அது காத்திருக்காது.

தாய் கடலுக்குப் போய்விட்டாள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. தொட்டிலில் கைக்குழந்தை. அதை ஆட்டுவதற்கு மூத்த பெண் இருக்கிறாள். அவளுக்கு வயது பத்து.

ஒன்பது மணி சுமாருக்கு வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்ற குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு மௌனம். பதிவேட்டில் ஒரு சிறு குறி விழுகிறது. மறுநாளும் அதே குறி. பத்து நாள் இப்படி விழுந்தால் அந்தப் பெண் பாடத்தில் பின்தங்கிவிடுகிறாள். ஒரு மாதம் விழுந்தால் திரும்பி வர வெட்கப்படுகிறாள். ஒரு வருஷம் ஆனால் அவள் பெயரே பதிவேட்டில் இருக்காது.

இதைப் "பள்ளிக்கு மட்டம் போடுவது" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லில் குற்றம் முழுவதும் பிள்ளையின் தலையில் விழுந்துவிடுகிறது. உண்மையில் அந்தச் சிறு குறிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஊர்களில் பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தர்கா ஊர், கடல் ஊர்

தமிழ்நாட்டில் ஏர்வாடி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. இங்கே சொல்லப்படுவது ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு மேற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டியிருக்கும் ஏர்வாடி. சுல்தான் சையது இபுராகீம் ஷஹீது அடங்கியிருக்கும் தர்கா இங்கே இருக்கிறது. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பல மதத்தினரும் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந்தேதி இங்கே ஒரு மனநோயாளர் விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். வெளியூராருக்கு ஏர்வாடி என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

ஆனால் யாத்திரிகர் திரும்பிப் போன பிறகும் ஊர் இருக்கிறது. அது உழைப்பவர்களின் ஊர். மீன்பிடி, பாசி, பனை, கரிமூட்டம், மானாவாரிக் காடு, அக்கரைச் சீமைக்குப் போய்ப் பணம் அனுப்பும் ஆண்கள் என்று இந்தக் கடற்கரைக் கிராமங்களின் பிழைப்பு பல வழிகளில் ஓடுகிறது. வானம் பார்த்த பூமி. மத்திய சர்க்கார் 2018-ல் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கித் தனிக் கவனம் செலுத்தத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று விருதுநகர், மற்றொன்று ராமநாதபுரம்.

காரணம் ஒன்றா, இரண்டா?

பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு இந்தக் கடற்கரையோரம் நடந்தால், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

மாசி, பங்குனியில் பனையில் பாளை வந்துவிடும். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் காலம் ஆடி வரைக்கும் நீளும். பனையேறும் குடும்பங்கள் தோப்பிலேயே விடிலி போட்டுத் தங்கிவிடுகின்றன. கணவன் மரத்தில், மனைவி அடுப்பில், ஓலையும் விறகும் பொறுக்கச் சிறு கைகள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை நடப்பதும் இதே காலத்தில்தான்!

சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் வேலை கிடைக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர் ஓர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளைகள் வேறோர் ஊர்க் காட்டில் இருப்பார்கள்.

சந்தனக்கூடு விழா வந்தால் ஊர் ஜனக்கடலாகிவிடும். மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். விடுமுறை ஒரு நாள். வியாபாரமோ பல நாள். சந்திரக் கணக்குப்படி வருவதால் இந்த விழா வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. சில வருஷங்களில் கோடை விடுமுறையில் விழும். சில வருஷங்களில் பள்ளி நடக்கும் மாதங்களில் விழும். அப்போது கடையில் தட்டு ஏந்தி நிற்கும் பையனுக்கு வகுப்பு நினைவுக்கு வருவது கடினம்.

இவை தவிர ஊருக்கு ஊர் உள்ள பழைய காரணங்களும் உண்டு. வெறும் வயிறு, குடற்புழு, சட்டை கிழிந்துவிட்டது என்ற வெட்கம், வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்ற பயம், பெரிய மனுஷியான பெண்ணை இனி அனுப்பவேண்டாம் என்ற பாட்டியின் தீர்ப்பு.

ஆசிரியை ஒருத்தி வீடு தேடிப் போய், "ஏம்மா, மூத்தவளை அனுப்பக்கூடாதா?" என்று கேட்டால், "கைப்பிள்ளையை யார் பார்ப்பா டீச்சரம்மா? நான் கடலுக்குப் போகலைன்னா உலை எப்படிக் கொதிக்கும்?" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. அதற்கு உபதேசம் சொல்லிப் பயனும் இல்லை.

பிரம்பும் அபராதமும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரே வைத்தியம் இருந்தது. வராத பிள்ளையைப் பிடித்துவரச் சட்டாம்பிள்ளை நாலு தடிப்பையன்களை அனுப்புவான். ஒருவன் காலைப் பிடிக்க, ஒருவன் கையைப் பிடிக்க, குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து வாத்தியார் முன் போடுவார்கள். அதன்பின் பிரம்பு பேசும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் பிரம்பின் இடத்துக்குச் சட்டம் வந்தது. 1920-ம் வருஷத்துச் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், குறித்த பகுதிகளில் கல்வியைக் கட்டாயமாக்க இடம் கொடுத்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போடவும் அதில் வழி இருந்தது. ஆனால் ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் பிள்ளையை நிறுத்திக்கொண்டவனிடம் அபராதம் கேட்டால் அவன் எங்கே போவான்? பிள்ளையை இன்னொரு நாள் வேலைக்கு அனுப்பித்தான் அதைக் கட்டவேண்டும்!

அதே 1920-ல் சென்னை நகரில் வேறொரு சோதனை நடந்தது. பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது கட்டளை. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு அது விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகள் தொகை, 1924-25-ல் 1,671 ஆயிற்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில சர்க்கார் தடுத்ததும், 1925-ல் திட்டம் நின்றது. பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. அபராதம் செய்யாததை ஓரணாச் சிற்றுண்டி செய்துவிட்டது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

ஊர் போட்ட சோறு

நகரத்துப் பாடம் நாட்டுப்புறத்துக்கு வர முப்பது வருஷம்போல் ஆயிற்று. 1954-ல் காமராஜ் முதன்மந்திரியானார். அவர் பிறந்த விருதுநகர் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. மழை பொய்த்தால் இந்தச் சீமையில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பதை அவருக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கல்வி இலாகாவின் தலைவராக நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது.

இந்த வரலாற்றில் பலர் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. ஆரம்பத்தில் அந்தச் சோற்றைப் போட்டது ஊரார். அரிசி கொடுத்தவர், பருப்பு கொடுத்தவர், விறகு கொடுத்தவர், பாத்திரம் கொடுத்தவர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு பட்டியல் இருந்தது. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய வீடுகள் எத்தனையோ! 1957-ல்தான் சர்க்கார் செலவில் பங்கு ஏற்றது. நூற்றுக்கு 60 பங்கு சர்க்காருடையது. 40 பங்கு ஊராருடையது. 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனமும் பால் பவுடரும் எண்ணெயும் அனுப்பி உதவியது.

அடுத்தபடியாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வந்தன. 1958-ல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. பின்னர் ராஜ்யம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. கூரை இல்லாத பள்ளிக்குக் கூரை, கரும்பலகை, கிணறு, விளையாட்டு நிலம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று ஊராரே கொண்டுவந்து கொடுத்தார்கள். கிழிந்த சட்டைக்கு வெட்கப்பட்டு வீட்டில் இருந்த பிள்ளை, எல்லோரையும்போல் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தது.

இதனால் சோறும் சட்டையும் கிடைத்ததோடு இன்னொன்றும் கிடைத்தது. தான் கொடுத்த அரிசியை எந்தப் பிள்ளை சாப்பிடுகிறது, எந்தப் பிள்ளை வரவில்லை என்று கேட்கும் உரிமை ஊராருக்கு வந்தது. ஒரு பிடி அரிசி கொடுத்த கிழவி, தெருவில் திரியும் பையனைப் பார்த்து, "ஏண்டா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்று அதட்டலாம். அந்த அதட்டலுக்கு ஈடாக எந்தச் சட்டமும் இல்லை.

காலைச் சோறு

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். செலவு முழுவதும் சர்க்காருடையதாயிற்று. 1989-ல் முட்டை சேர்ந்தது. மதியச் சோறு எந்த ஊரிலும் தவறாமல் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அது பெரிய வெற்றி.

ஆனாலும் ஒரு சந்து மூடாமலே இருந்தது. விடியுமுன் கடலுக்குப் போகும் தாயின் பிள்ளைக்குக் காலையில் யார் சோறு போடுவது? வெறும் வயிற்றோடு பகல் பன்னிரண்டு மணி வரை காத்திருக்க வேண்டுமானால், அது வீட்டிலேயே சுருண்டு கிடக்கும்; அல்லது வகுப்பில் தூங்கும்.

2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்தச் சந்தை அடைக்க வந்தது. முதலில் 1,545 ஆரம்பப் பள்ளிகள். மறுவருஷம் ஆகஸ்டு 25-ந்தேதி திருக்குவளையிலிருந்து தமிழ்நாடு முழுவதும், 31,008 அரசுப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். சமைப்பதற்கு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். தம் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே தாய் சமைக்கவேண்டும் என்ற நோக்கமும் இதில் இருந்தது. பழைய பிடியரிசிக் கிழவியின் இடத்துக்கு, கரண்டியோடு ஒரு தாய் வந்தாள்!

பலன் என்ன? மாநிலத் திட்டக் குழு முதல் கட்டப் பள்ளிகளில் 1,543 பள்ளிகளின் வருகைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 1,319 பள்ளிகளில் பிள்ளைகள் வருகை கூடியிருந்தது.

கடல் கடந்த பாடங்கள்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. கென்யா நாட்டில் புசியா என்ற ஜில்லாவில் 1998-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வராமல் இருப்பது சுமார் கால் பங்கு குறைந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். இந்தியாவிலும் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். மெக்ஸிகோவில் 1997-ல் வேறொரு வழி கண்டார்கள். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் சர்க்கார் பணம் கொடுத்தது. பிள்ளையின் கூலியை இழக்கிறோமே என்ற கவலைக்கு அது நேரான பதில். ராஜஸ்தானத்து உதயப்பூர்ப் பக்கம் 2003-ல் சேவா மந்திர் என்ற நிறுவனம் கேள்வியையே திருப்பிப் போட்டது. வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா? காமிராவில் பதிந்து சம்பளத்தை அதோடு சேர்த்தார்கள். வாத்தியார் வராத நாட்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பூட்டிய பள்ளிக்குப் பிள்ளை எப்படி வரும்?

வழிகள் வேறு, அடிப்படை ஒன்று. பிள்ளை எதனால் வரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தக் காரணத்துக்கே மருந்து கொடுத்தார்கள்.

வெட்கத்துக்கு மருந்து

சோறு போட்டாலும் போகாத ஒரு காரணம் வெட்கம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் படித்ததையும் மறந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் உட்கார எப்படித் துணியும்? 2021 அக்டோபர் 27-ந்தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இதற்கு ஒரு வழி சொன்னது. படித்த ஊர்ப் பெண்கள் தன்னார்வலராக வந்து, மாலையில் தெருத் திண்ணையிலும் சாவடியிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், மறந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தினால் வந்ததென்றும் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

இதில் கணக்கைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த அக்காளுக்கு எந்த வீட்டில் தொட்டில் ஆடுகிறது, எந்த வீட்டில் அப்பன் படகோடு போயிருக்கிறான் என்று தெரியும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆசிரியருக்கு அது தெரிய நாள் ஆகும்.

மூன்றாம் நாள்

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிக் கணக்கெடுப்பதும், விட்டுப்போன பிள்ளைகளைச் சிறப்புப் பயிற்சி மையத்தில் சேர்த்து வயதுக்கேற்ற வகுப்புக்குக் கொண்டுவருவதும் சட்டப்படி நடக்கும் வேலைகள்.

ஏட்டில் உள்ள குழுவும் ஊரில் உள்ள குழுவும் ஒன்றாகவேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் மாலை குழுவிலிருந்து ஒருத்தி அந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். அதட்டுவதற்காக அல்ல, கேட்பதற்காக. காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லலாம். கைக்குழந்தையா? அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது, அதைக் கொஞ்சம் முன்னதாகத் திறக்கக் கேட்கலாமா என்று பார்க்கலாம். விடிலிக்குப் போகிறார்களா? பரீட்சை முடியும்வரை பிள்ளையை மாமன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ விடச் சொல்லலாம்; இல்லையேல் போகும் ஊர்ப் பள்ளிக்கு ஒரு தகவல் அனுப்பலாம். முப்பதாம் நாள் போனால் இவற்றில் ஒன்றும் பலிக்காது. அதற்குள் பிள்ளையின் கைக்குக் கூலி ருசி தெரிந்துபோகும். வீட்டாருக்கும் அந்தக் காசு பழகிப்போகும்.

சட்டமே எல்லாம் செய்துவிடும் என்று இருப்பதற்கில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016 திருத்தத்தின்படி குற்றம். ஆனால் வீட்டில் தொட்டிலாட்டும் பெண்ணை எந்த அதிகாரி வந்து மீட்பார்? அவளுக்கு ஊர்தான் அதிகாரி.

பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பும் முன்போல் இல்லை. 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஏற்பட்டபின், தீவுப் பக்கம் போகக் கட்டுப்பாடு வந்தது. கடலுக்குள் மூச்சை அடக்கி மூழ்கும் இந்தத் தாய்மாரில் பலர் பள்ளிக்கூடப் படியை அதிகம் மிதிக்காதவர்கள். பவளப்பாறை கிழித்த விரல்களைப் பார்க்கிற எந்தத் தாய்க்கும், தன் மகளும் இதே வள்ளத்தில் ஏறவேண்டும் என்ற ஆசை இருக்காது. ஆசை இருக்கிறது, வழிதான் வேண்டும். காலைச் சோற்றையும் மதியச் சோற்றையும் புத்தகத்தையும் சட்டையையும் சர்க்கார் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அதற்காக அரிசி கொடுத்துவந்த ஊர், கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? அந்த உரிமை மட்டும் இன்னும் ஊராருடையதாகவே இருக்கட்டும்.

கடலோரத்தில் வள்ளம் திரும்பி வரும்போது, கரையில் இறங்கும் தாய் முதலில் கேட்பது பாசியின் விலையை. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "இன்னிக்குப் பள்ளிக்கூடம் போனியா தாயி?" அந்தக் கேள்விக்கு "போனேம்மா" என்று ஒரு பெண் குரல் பதில் சொல்லுமானால், அன்றைய பதிவேடு சரியாக நிரம்பிவிட்டது.